டிராக் காடிக்கு முன்பக்க அட்ஜஸ்டபிள் ஆர்ம் பொருத்துவது எப்படி? பந்திங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பந்திங், ஜென்ஜாரோம், ஒலாக் லெம்பிட் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் இன்னும் நிறைய பழைய சிவிக் நிற்கிறது. செப்பாங் பந்தயத் தடம் அருகில் இருப்பது ஒரு காரணம். வார நாளில் அதே காடியில் வேலைக்குப் போய், மாதத்தில் ஒரு நாள் ஹெல்மெட்டைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு டிராக் டேக்குப் (சொந்தக் காடியைப் பந்தயத் தடத்தில் ஓட்டவிடும் நாள்) போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு பந்தயக் காடி வைத்திருப்பவர்களுக்கு டீமும் போர்மேனும் இருப்பார்கள், அவர்களுக்கு இது தேவைப்படாது.

ஆர்ம் என்பது சக்கரத்தைக் காடியின் சட்டத்தோடு இணைக்கும் கை. அட்ஜஸ்டபிள் ஆர்மின் நீளத்தை மாற்றினால் சக்கரம் சாயும் கோணம் மாறும். ஆர்மைக் கழற்றி மாட்டுவது ஒரு மதிய வேலை. அதற்கு முன்பும் பின்பும் அளப்பதுதான் பெரிய வேலை. நம் பக்கத்தில் பலர் மாட்டும் வேலைக்குக் காசு கொடுத்துவிட்டு, அளக்கும் வேலையைச் சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மெண்ட் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் உங்கள் காடி செப்பாங்கில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அளவைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் டயரைப் பாருங்கள்

டிராக்கிலிருந்து வந்ததும் முன் டயர் இரண்டின் வெளி ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வெளி ஓரம் பிய்ந்து, சுருள் சுருளாக ரப்பர் ஒட்டியிருக்க, உள் ஓரம் புதுசு மாதிரி இருந்தால் உங்களுக்கு நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. அப்போது ஆர்ம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. டயர் முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அந்தக் காசைப் பிரேக் பேடிலும் பிரேக் ஆயிலிலும் போடுங்கள். செப்பாங்கின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் அவைதான் முதலில் கைவிடும்.

காரணம் எளிது. வளைவில் காடி வெளிப்பக்கம் சாய்கிறது, அதோடு வெளிச் சக்கரத்தின் மேல்பகுதியும் வெளியே சாய்கிறது. டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கிறது. நேராக ஓடும்போதே சக்கரத்தின் மேல்பகுதியைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து தரையில் முழுசாகப் பதியும். இந்த உட்சாய்வுதான் நெகட்டிவ் கேம்பர். அளவுக்கு மீறிச் சாய்த்தால் நேரே பிரேக் பிடிக்கும்போதும், முன்சக்கர ஓட்டக் காடியில் வளைவிலிருந்து வேகமெடுக்கும்போதும் டயரின் உள் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். பார்வைக்கு அழகு என்று ஐந்து, ஆறு டிகிரி சாய்த்துக்கொண்டு பசாரைச் சுற்றுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அது வேறு பொழுதுபோக்கு.

எந்தக் காடிக்கு எந்த ஆர்ம்

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹோண்டா சிவிக் ஈஜி, ஈகே, இன்டெக்ரா டிசி2 வகை. இவற்றின் முன்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன். மேல் ஆர்ம் கீழ் ஆர்மைவிடக் குட்டை. அதனால் சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் சக்கரம் தானாகவே கொஞ்சம் உள்ளே சாயும். காடியின் உயரத்தை இறக்கி வைத்தவர்களுக்கு ஒன்றும் மாட்டாமலே ஒரு டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் கிடைத்திருக்கும். அட்ஜஸ்டபிள் மேல் ஆர்ம் அதைக் கூட்டவும் உதவும், குறைக்கவும் உதவும்.

புரோட்டோன் வீரா, சத்ரியா, பெரோடுவா மைவி வைத்திருப்பவர்களுக்கு மேல் ஆர்மே கிடையாது. அவை மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டே மேல் ஆர்மின் வேலையையும் செய்யும் அமைப்பு. அங்கே கேம்பரை மாற்ற ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் வைப்பார்கள், அல்லது நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடிக்கும் போல்ட்டை கேம்பர் போல்ட்டாக மாற்றுவார்கள், அல்லது நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம் போடுவார்கள். கழற்றும் வேலை வேறு. அளக்கும் பகுதி அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மேல் ஆர்மில் கடைகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்றில், ஆர்மை நக்கிளோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் ஒரு பிளேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். நீள ஓட்டைகளில் அதை உள்ளே வெளியே நகர்த்தி போல்ட் போட்டு இறுக்கலாம். ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ் என்ற மெத்தை ரப்பர் அல்லது பாலியூரிதேன். ரோட்டிலும் ஓட்டும் காடிக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதன் பலவீனம் அந்தப் பிளேட் போல்ட். சரியாக இறுக்காவிட்டால் வளைவில் பால் ஜாயிண்ட் நழுவி கேம்பர் மாறிவிடும்.

மற்றது திருகு வகை. ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி. நடுத்தண்டைத் திருப்பினால் ஆர்ம் நீளும், குறையும். கழற்றாமலே துல்லியமாக மாற்றலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் இதில் பெரும்பாலும் புஷ்ஷுக்குப் பதில் ரோஸ் ஜாயிண்ட் என்கிற உலோக மூட்டு வரும். தோட்டத்துச் செம்மண், மழைத் தண்ணீர், லாரி குடைந்த பள்ளம் எல்லாம் அந்த மூட்டுக்கு எமன். சில மாதத்தில் லொடக் லொடக் என்று ஆட ஆரம்பிக்கும். டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகும் காடிக்கு இது சரி.

எந்த வகையானாலும் பால் ஜாயிண்ட் தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். பெயர் பெற்ற பிராண்டுகளுக்கு அச்சு அசலான நகல்கள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. வெல்டிங் சீராக இருக்கிறதா, பால் ஜாயிண்ட்டைக் கையால் அசைத்தால் ஒரே இறுக்கமாக நகர்கிறதா, அதை மூடும் பூட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டதும் தொளதொளவென்று ஆடினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரோட்டில் ஓடும் பதிவுள்ள காடியானால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதியும் இருக்கிறது. சஸ்பென்ஷனில் மாற்றம் செய்யும் முன் அனுமதி பற்றி ஜேபிஜே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்மைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். காடியை விற்கும்போது உரிமை மாற்ற ஆய்வுக்கு அது தேவைப்படலாம்.

கழற்றுவதற்கு முன் அளவு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். முதலில் வேண்டியது சமதளம். லயன் வீட்டு முற்றமானாலும் தாமான் வீட்டுக் கார்ப்போர்ச்சானாலும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பைக் கடன் வாங்குங்கள். நாலு சக்கரமும் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, டியூப்பில் தண்ணீர் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடங்களில் வினைல் டைலோ மெல்லிய பிளைவுட்டோ அடுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முறை செய்து, எந்த மூலைக்கு எத்தனை டைல் என்று சுவரில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை சிரமம் இல்லை.

டயர் காற்றை நீங்கள் டிராக்கில் வைக்கும் அளவுக்கு வையுங்கள். டாங்கியில் பாதி எண்ணெய். ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமாக அரிசி மூட்டையோ உர மூட்டையோ ஏற்றுங்கள். 50 கிலோ உர மூட்டையோடு பத்து கிலோ அரிசிப் பை ஒன்றோ இரண்டோ சேர்த்தால் பெரும்பாலோருக்குக் கணக்கு வந்துவிடும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, காடியை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, முன்னும் பின்னும் ஒரு சுற்று தள்ளி, மறுபடி அதே குறியில் நிறுத்துங்கள்.

இப்போது நாலு மூலையிலும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இதுதான் ரைட் ஹைட். புஷ் போல்ட்டை இறுக்கும்போது இந்த எண் கட்டாயம் தேவைப்படும்.

கேம்பருக்கு டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் இருந்தால் நல்லது. தரையில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொண்டு, ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும் ஒரு நேரான அலுமினியப் பட்டையின் மேல் வையுங்கள். டயர் சுவரில் வைக்காதீர்கள், கீழே டயர் புடைத்திருக்கும். கேஜ் இல்லையென்றால் தூக்குக் குண்டு போதும். நூலைச் சக்கரத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து வித்தியாசம் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் வரும். அந்த நீளத்துக்கு 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. மேல் விளிம்பு 14 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் நெகட்டிவ் இரண்டு டிகிரி.

அடுத்து டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. டோவுக்கு நூல் கட்டும் முறை. நாலு ஜேக் ஸ்டாண்டை வைத்துச் சக்கர மையத்தின் உயரத்தில் இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் காடிக்கு இணையாக இருக்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான அகலமும் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான அகலமும் ஒன்றாக இருக்காது என்பதால், அந்த வித்தியாசத்தில் பாதியை ஒவ்வொரு பக்கமும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டையும் அளவுங்கள். முன் விளிம்பு நூலுக்கு அருகில் இருந்தால் டோ அவுட், தள்ளி இருந்தால் டோ இன். பின் சக்கரத்தையும் விடாதீர்கள். பின்பக்கம் கோணலாக இருந்தால் முன்பக்கம் என்ன செய்தும் ஸ்டீயரிங் நேராக நிற்காது.

கழற்றுதல்

முந்தின நாள் சாயங்காலமே எல்லா நட்டிலும் டபிள்யூடி-40 அடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் முப்பது வருஷக் காடியின் நட் அவ்வளவு எளிதில் வராது.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்கி, சட்டத்தின் பலமான இடத்தில் ஜேக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். செங்கல்லோ சிமெண்டுக் கல்லோ வேண்டாம், எடை ஏறும்போது முன்னறிவிப்பில்லாமல் உடையும். சக்கரத்தைக் கழற்றிக் காடிக்கு அடியில் போட்டு வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் உயிர் தப்பும்.

நக்கிளை ஒரு கயிற்றாலோ கம்பியாலோ கோயில்ஓவரோடு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டு) சேர்த்துக் கட்டுங்கள். மேல் பால் ஜாயிண்ட் விடுபட்டதும் நக்கிள் வெளியே சரியும். அப்போது பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு பிரிந்துவிடவும் கூடும். ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் கிளிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பால் ஜாயிண்ட்டின் காசில் நட்டிலிருந்து (தலையில் பல் வெட்டிய நட்) அது தளராமல் காக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை முழுசாகக் கழற்றாமல் நாலைந்து புரி மிச்சம் வைத்துத் தளர்த்துங்கள். பிறகு பால் ஜாயிண்ட் ரிமூவர் போட்டு இறுக்கினால் டப் என்று விடுபடும். ரிமூவர் இல்லையென்றால், தண்டு நுழைந்திருக்கும் நக்கிள் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் அடியுங்கள். தண்டின் முனையில் அடித்தால் புரி நாசமாகும். இரண்டு பல் உள்ள முள்கரண்டிக் கருவி பூட் ரப்பரைக் கிழித்துவிடும். பழைய ஆர்மை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது வேண்டாம்.

அடுத்து என்ஜின் பக்கம் வாருங்கள். பானெட்டைத் திறந்தால் ஷாக் டவரின் மேல், மேல் ஆர்மைப் பிடிக்கும் இரண்டு நட் தெரியும். அவற்றைக் கழற்றினால் ஆர்ம் கீழே வந்துவிடும். கழற்றிய ஆர்மைப் புது ஆர்மின் பக்கத்தில் வைத்து, புஷ் மையத்திலிருந்து பால் ஜாயிண்ட் மையம் வரை அளந்து பாருங்கள். புது ஆர்மை முதலில் பழையதன் அதே நீளத்துக்கு வையுங்கள். அப்போதுதான் எங்கிருந்து எவ்வளவு மாற்றினீர்கள் என்று கணக்கு இருக்கும்.

மாட்டுதல்

இடம், வலம் மாறாமல் பாருங்கள். பால் ஜாயிண்ட் நடுவில் இல்லாமல் சற்று ஒரு பக்கம் தள்ளி இருக்கும் ஆர்மை மாற்றிப் போட்டால் காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) கெட்டுப்போகும். ஷாக் டவர் நட்டுகளை மாட்டி, பால் ஜாயிண்ட்டை நக்கிளில் நுழைத்து நட்டை ஏற்றுங்கள். தொழிற்சாலை பால் ஜாயிண்ட்டுக்கு ஹோண்டா சொல்லும் அளவு 39 முதல் 47 நியூட்டன் மீட்டர். ஆர்ம் தயாரித்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். குறைந்த அளவுக்கு இறுக்கிவிட்டு, ஸ்பிளிட் பின் போகும் ஓட்டை நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஓட்டைக்காகத் திருப்பித் தளர்த்தக்கூடாது. ஸ்பிளிட் பின் புதுசாக இருக்கட்டும். மீதி போல்ட்டுகளுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள், ஈஜிக்குச் சொன்னது ஈகேக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

புஷ் போல்ட்டுகளை இப்போது முழுசாக இறுக்காதீர்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காடி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழியும், அதுவரை காடியின் உயரமும் சற்றுக் கூடித் தெரியும். கீழ் ஆர்மின் அடியில் ஜேக் வைத்து, முன்பு எழுதி வைத்த ரைட் ஹைட் அளவு வரும்வரை மெதுவாக உயர்த்தி, அந்த நிலையில் இறுக்குங்கள். ரோஸ் ஜாயிண்ட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

அதே ஜேக்கால் இன்னும் மேலே ஏற்றிப் பாருங்கள். காடி ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். ஆர்மின் மேல்பகுதியோ போல்ட் தலையோ ஷாக் டவரில் இடிக்கிறதா? இறக்கி வைத்த சிவிக்கில் இது அடிக்கடி நடக்கும், தகரத்தில் பள்ளம் விழும், சில சமயம் ஓட்டையே விழும். ஆர்மைக் குட்டையாக்கியதால் டயரின் உள்பக்கம் கோயில்ஓவர் ஸ்பிரிங்கில் உரசுகிறதா, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக வெட்டினால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியானால் சக்கரத்தைப் போட்டு, காடியைத் தரையில் இறக்கி, சக்கர நட்டை 108 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கேம்பர், பிறகு டோ

பழையபடி டைல், மூட்டை, காற்று எல்லாம் அதே நிலை. முன் சக்கரத்துக்கு அடியில் கிரீஸ் தடவிய இரண்டு டைல்களை முகத்தோடு முகம் வைத்தால் சக்கரம் தாராளமாக நகரும், அளவு பொய் சொல்லாது. இரண்டு பக்கமும் டைல் உயரம் ஒன்றாக இருக்கட்டும், பின் சக்கரத்துக்கும் அதே உயரம் வையுங்கள்.

ரோடும் டிராக்கும் கலந்து ஓட்டும் காடிக்கு நெகட்டிவ் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி நல்ல ஆரம்பம். செமி ஸ்லிக் டயரோடு (கோடு குறைவான பந்தய டயர்) டிராக்குக்கு மட்டும் என்றால் இரண்டரை முதல் மூன்று. அதற்கு மேல் டயர் கேட்டால்தான் போக வேண்டும். அளவு வந்ததும் பிளேட் போல்ட்டையோ லாக் நட்டையோ இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பிளேட் வரை ஒரு கோடு பெயிண்டால் இழுத்துவிடுங்கள். நழுவினால் கோடு உடைந்து தெரியும்.

கேம்பர் மாறியதும் டோ நிச்சயமாக மாறியிருக்கும். மேல் ஆர்மைக் குறைத்தால் நக்கிள் கீழ் பால் ஜாயிண்ட்டைச் சுற்றிச் சாய்கிறது. ஸ்டீயரிங்கையும் நக்கிளையும் இணைக்கும் டை ராடின் நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதனால் சக்கரம் சற்றுத் திரும்பிவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை நூல் சொல்லும். டை ராட் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சம அளவு திருப்பி, டோவைப் பூஜ்யத்துக்கோ மொத்தம் 1 முதல் 2 மில்லிமீட்டர் டோ அவுட்டுக்கோ கொண்டுவாருங்கள். டோ அவுட் வைத்தால் காடி வளைவுக்குள் சுறுசுறுப்பாக நுழையும், நேர்ப்பாதையில் கொஞ்சம் அலையும். தினமும் தெலுக் பங்ளிமா காராங் வழியாகக் கிள்ளானுக்கு ஓட்டுகிறவர் பூஜ்யத்தில் வைப்பது நல்லது. உள் ஓரம் ஒரே மாதத்தில் கம்பி தெரியத் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கவனிக்காமல் விட்ட டோதான்.

இதையெல்லாம் முடித்துவிட்டு அலைன்மெண்ட் கடைக்குப் போய் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டால் தப்பில்லை. உங்கள் எண்ணும் அவர் எண்ணும் கால் டிகிரிக்குள் வந்தால் உங்கள் தரை நல்ல தரை.

முதல் ஓட்டம், பிறகு செப்பாங்

முதலில் வீட்டைச் சுற்றி மெதுவாக. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தம் வருகிறதா, கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. ஓட்டம் கடிகாரம் சுற்றும் திசையில் என்பதால் வலப்பக்க வளைவுகளே அதிகம். எனவே இடது முன் டயர்தான் உழைக்கிறது, முதலில் தேய்வதும் அதுவே. மத்தியான வெயிலில் தடத்தின் தரை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். காலையில் எடுத்த டயர் வெப்ப அளவை மத்தியானத்து அளவோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டு சுற்று நிதானமாக ஓட்டிவிட்டு உள்ளே வந்து பெயிண்ட் கோடுகளையும் நட்டுகளையும் பாருங்கள். பிறகு நாலைந்து சுற்று வேகமாக ஓட்டி, குளிரவைக்கும் சுற்று போடாமல் நேரே பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் காடி நிறுத்தும் இடம்) வந்து, டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் வெப்பத்தை அளவுங்கள். ரப்பருக்குள் குத்தும் ஊசி உள்ள பைரோமீட்டர் சரியான எண் தரும். துப்பாக்கி மாதிரி சுடும் இன்ஃப்ராரெட் மேற்பரப்பை மட்டும்தான் சொல்லும், அது சில விநாடியிலேயே ஆறிவிடும். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஐந்து முதல் பத்து டிகிரி சூடாக இருந்தால் கேம்பர் சரியான இடத்தில் இருக்கிறது. வெளி ஓரம் அதிகச் சூடு என்றால் இன்னும் அரை டிகிரி உள்ளே சாயுங்கள். உள் ஓரம் பதினைந்தைத் தாண்டிச் சூடாக இருந்தால் குறையுங்கள். நடுப்பகுதி தனியாகச் சூடேறினால் அது காற்று அதிகம் என்பதன் அடையாளம், ஆர்மைத் தொட வேண்டாம்.

இடது டயரின் வெளி ஓரம் மட்டும் தொடர்ந்து சூடேறினால் இடது பக்கத்தை வலதைவிட அரை டிகிரி கூடுதலாகச் சாய்க்கலாம். காடி நேர்ச் சாலையில் லேசாக வலப்பக்கம் இழுக்கும். நம் சாலைகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் திரும்பி வரும்போது அது அவ்வளவாகத் தெரியாது. அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வைத்தால் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் கையில் நெளியும். மழை வந்தால் அதைச் சமாளிப்பது சிரமம், செப்பாங்கில் மத்தியான மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிட்டிலேயே கேம்பரை மாற்றினால் டை ராடையும் அங்கேயே சரிசெய்ய வேண்டியிருக்கும், அதனால் நூலையும் ஸ்டாண்டையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போங்கள். திருகு ஆர்மானால் ஒரு முழுத் திருப்பத்துக்கு எவ்வளவு கேம்பர் மாறுகிறது, அதற்கு டை ராடை எத்தனை திருப்பு திருப்ப வேண்டும் என்று வீட்டிலேயே அளந்து ஒரு அட்டையில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தால் வெயிலில் நின்று கணக்குப் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சக்கர வளைவுக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பூட் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் பால் ஜாயிண்ட்டை அடுத்த டிராக் டேக்கு முன் மாற்றிவிடுங்கள், பூட்டுக்குள் மணல் போன பால் ஜாயிண்ட் நெடுநாள் தாங்காது. என்ஜின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும், பெயிண்ட் கோட்டைப் பார்ப்பதும் சேர்த்தே நடக்கட்டும்.